தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரும் தெற்கு ஜன்னலும்

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று போய் நின்றால் கடைகளில் இரண்டே பதில்தான். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கும் கேட்கவில்லையா, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, மாற்றுங்கள். மதுரைக்காரருக்கு இதில் ஏதாவது ஒன்று பலிக்கலாம். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலு தென்னையும் ஒரு முள்வேலியும் மட்டுமே நிற்கிற எங்கள் பக்கத்தில் இரண்டுமே வீண்செலவாகப் போக வாய்ப்பு அதிகம். இங்கே பிரச்சினை எதனால் வருகிறது என்பதைவிட எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்பதுதான் பலன் தரும்.

இதை எழுதக் காரணம் தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர். அக்கா மகன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எந்த மண்டபத்தில் முகூர்த்தம் என்றாலும் ஆள் அங்கே இருப்பான். அவனுக்காக நான்தான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். ரைசன் 5 5600 பிராசசர், பதினாறு ஜிபி ராம், ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ். கேபினெட் மட்டும் அவன் தேர்வு. முன்பக்கம் முழுக்க வலை, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக எரியும் ஃபேன். வீடு தென்கடல் பக்கம். அறையின் ஜன்னல் நேரே கடலைப் பார்க்கும், மேசை அந்த ஜன்னலுக்கு அடியில்.

பங்குனிக் கடைசியில் போன் வந்தது. "மாமா, சும்மா இருக்கையிலேயே ரீஸ்டார்ட் ஆவுது. ரெண்டர் போட்டா ஒண்ணும் ஆகல."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார வைத்தது. எடிட் செய்த வீடியோவை ஒரே ஃபைலாக்கி எடுக்கிற கனமான வேலைதான் ரெண்டர். வழக்கமாகத் தலைகீழாக நடக்கும். நாலு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முழு வேகத்தில் ஓடும், சூடு ஏறும், எஸ்எம்பிஎஸ் தாங்காமல் மண்டையைப் போடும். இந்த மெஷின் அந்த வேலையை அலுங்காமல் முடிக்கிறது. விடிகாலையில் எழுந்து மெயில் பார்க்கும்போதும், ராத்திரி படங்களைத் தரம் பிரிக்கும்போதும் படக்கென்று போய் மறுபடி எழுகிறது.

முதலில் விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸின் குறிப்பேட்டைத் திறந்து சிஸ்டம் என்ற பகுதிக்குப் போனால் சிவப்புக் குறியோடு 'கர்னல்-பவர் 41' என்று வரிசையாக நிற்கும். இதைப் பார்த்ததும் பலர் 'பவர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை நான் முறைப்படி மூடப்படவில்லை. ஏன் என்பது அதற்கே தெரியாது, ஏனென்றால் மறுபடி எழுந்த பிறகுதான் அதை எழுதுகிறது. உள்ளே டீடெயில்ஸ் பக்கத்தில் 'பக்செக்கோட்' என்று ஒரு எண் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் விண்டோஸ் கோளாறைக் காட்டுகிற நீலத்திரை வந்து செத்திருக்கிறது என்று அர்த்தம். உதாரணமாக 278 என்றால் அது பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ் எண்முறையில்) 116, கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் தேட வேண்டும். 292 என்றால் 124, ஹார்டுவேரே புகார் சொல்லியிருக்கிறது. பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் மெஷினில் எல்லாமே பூஜ்யம். இருந்தாலும் ஒரு வேலை செய்தோம். நீலத்திரை வந்ததும் விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும்படி ஒரு டிக் போட்டு வைத்திருப்பார்கள். சிஸ்டம் புராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில் இருக்கும். அதை எடுத்துவிட்டால் நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டோம். நீலத்திரை எதுவும் நிற்கவில்லை, மெஷின் வழக்கம்போலப் போய்ப் போய் எழுந்தது.

ராமைச் சோதிப்பதும் சூட்டைப் பார்ப்பதும் சடங்கு மாதிரி முடிந்தன. மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடிப் பிழையில்லாமல் நின்றது. ராமை வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து ராமின் வேகத்தை இறக்கிப் பார்த்தும் மாற்றமில்லை. பிராசசர் ரெண்டரில்கூட 75 டிகிரியைத் தாண்டவில்லை. அதன் உச்சவரம்பு 90. பொதுவாகச் சூடு அதிகமானால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மீறினால் மெஷின் அணைந்துவிடும். தானாக எழுந்து நிற்கிற மெஷினில் சூட்டைச் சந்தேகிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

அடுத்தது கரண்ட். இதில் மாப்பிள்ளைக்கு (அக்கா மகனை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒரு திடமான கருத்து இருந்தது: தெருக்கோடியில் இருக்கிற ஐஸ் கம்பெனி. அங்கே கம்ப்ரசர் மோட்டார் எடுக்கும்போதெல்லாம் எங்கள் தெருவில் லைட் ஒரு தடவை மங்கி எழும். சாயங்காலம் ஸ்டெபிலைசரில் பார்த்தால் 190 என்று காட்டும். 230 வரவேண்டிய இடம். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வோல்டேஜ் நிதானமாக 190க்கு இறங்கி நின்றால் இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பலவற்றில் 100 முதல் 240 வரை என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கும். குறைந்த வோல்டேஜில் கூடுதல் கரண்டை இழுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். படுத்துவது கண் இமைக்கும் நேரத் துண்டிப்புதான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் சேமித்து வைத்திருப்பதைக் கொண்டு, வெளியே கரண்ட் போன பிறகும் சுமார் 16 மில்லிசெகண்ட் மெஷினைத் தாங்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட் என்பதால், ஒரு சுற்று முழுசாகத் தவறினாலே ஆபத்து. கெப்பாசிட்டருக்கு வயதாகிவிட்டால் இதுவும் குறையும்.

வீட்டு இன்வெர்ட்டர் இங்கேதான் வருகிறது. பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல். யுபிஎஸ் பக்கம் வைத்தால் கரண்ட் போனதும் பேட்டரிக்குப் பத்து மில்லிசெகண்ட் அளவில் மாறும், ஆனால் வோல்டேஜ் ஏறத்தாழ 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். நார்மல் பக்கம் நூறு சொச்சம் வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும், மாறுவதற்கு மட்டும் அதிக நேரம் எடுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். லோ வோல்டேஜ் ஊரில் யுபிஎஸ் பக்கம் வைத்தால் சாயங்காலம் முழுக்க பேட்டரி கரைந்து, கரண்ட் நிஜமாகவே போகிற நேரத்தில் கைவிரித்துவிடும். அதனால் எலெக்ட்ரீசியன்கள் நார்மலில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அக்கா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றி வைத்ததும், கரண்ட் கட் ஆகும்போது விழுகிற வழக்கம் நின்றது. விடிகாலை விழுகிற வழக்கம் நிற்கவில்லை. ஒரே மெஷினில் இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் ஈவென்ட் வியூவரில் ஒரே 41, ஒரே பூஜ்யம். ஒன்றைச் சரிசெய்தும் முழுசாகச் சரியாகவில்லை என்றால், செய்தது தப்பு என்று பலர் பழையபடி மாற்றி வைத்துவிடுவார்கள். அதை மட்டும் செய்யக்கூடாது.

ஐஸ் கம்பெனி விவகாரத்தைத் தீர்த்து வைத்தது அரசாங்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். படகு போகாவிட்டால் ஐஸுக்கு வேலை இல்லை, தெருக்கோடி மோட்டாரும் அடங்கிவிட்டது. லைட் மங்குவது நின்றது. மெஷின் ரீஸ்டார்ட் ஆவது நிற்கவில்லை, முன்பைவிட அதிகமானது. ஒரு சந்தேகத்தை இவ்வளவு சுத்தமாகக் கழித்துத் தருகிற வசதி உள்நாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காது.

எர்த்தையும் பார்த்தோம். கேபினெட் தகரத்தில் கை வைத்தால் சுருக்கென்று இருக்கும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், எர்த் இணைப்பு இல்லாத வீட்டில், கேபினெட்டின் மேல் பாதி வோல்டேஜைக் கொண்டுவந்து வைக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது. ப்ளக்கில் மூன்று துளை இருப்பதை வைத்து எர்த் இருக்கிறது என்று நம்பக்கூடாது. அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் பச்சை வயர் எங்கும் போகாமல் சுருட்டிக் கிடக்கும். எலெக்ட்ரீசியனை அழைத்துச் சரிசெய்தோம். அக்காவுக்குச் சந்தோஷம். ரீஸ்டார்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதும் தெரிந்தது.

சும்மா இருக்கும்போது விழுகிறது என்றால் ரைசன் மெஷின்களில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்று ஒரு அமைப்பு உண்டு. பிராசசர் வேலையில்லாமல் தூங்கும்போது இழுக்கிற கரண்ட் மிகவும் குறைந்து, சில எஸ்எம்பிஎஸ்கள் அதில் தடுமாறும். அந்த அமைப்பை 'டிபிகல் கரண்ட் ஐடில்' என்று வைத்தால் சரியாகும். ரெண்டரில் விழாமல் மெயிலில் விழுகிற நோய்க்கு அச்சாகப் பொருந்துகிற மருந்து. வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

அப்புறம்தான் பார்வையை மாற்றினோம். மெஷின் ஏன் விழுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்படி விழுகிறது என்று கண்ணால் பார்ப்பது. அதற்குத் தோதான ஆள் வீட்டிலேயே இருந்தான். கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கேபினெட்டின் கண்ணாடிப் பக்கத்தைப் பார்க்க வைத்தான். கல்யாண மாப்பிள்ளையின் சட்டையில் குத்துகிற குட்டி மைக்கை எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் தொங்கவிட்டான். அதே ப்ளக் போர்டில் ஒரு டேபிள் லேம்ப். ராத்திரி படுக்கப்போகும்போது மெஷினை ஓட விட்டுவிட்டு ரெக்கார்டிங்கைப் போட்டான்.

காலையில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினோம். மானிட்டர் கருக்கிறது. டேபிள் லேம்ப் துளிகூட மினுக்கவில்லை. கேபினெட் ஃபேன் நிற்கவில்லை, வேகம் குறையவும் இல்லை. ஒரு கணம் உறுமி ஏறி மறுபடி தணிகிறது. எஸ்எம்பிஎஸ் அணைந்து எழும்போது அதன் ரிலேயில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், மைக்கில் அது இல்லை.

கரண்ட் போகவே இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் மேல் குற்றமில்லை. நீலத்திரையும் இல்லை. பிராசசரே கோளாறு சொல்லி விழுந்திருந்தால் மறுபடி எழுந்ததும் ஈவென்ட் வியூவரில் 'வீயா-லாகர்' என்ற பெயரில் ஒரு பதிவு இருக்கும், அதுவும் இல்லை. மின்சாரம் முழுசாக ஓடிக்கொண்டிருக்கும்போது மதர்போர்டைத் தொடக்கத்துக்கு அனுப்பக்கூடியது இன்னொன்று உண்டு. கேபினெட்டின் முகப்பில் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் கிடக்கிற அந்தச் சின்ன ரீசெட் பட்டன்.

அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் மதர்போர்டின் கீழ்மூலையில் இருக்கிற முள்களுக்கு வருகின்றன. ஒரு முள் கிரவுண்ட். இன்னொன்றை ஒரு ரெசிஸ்டர் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். பட்டனை அமுக்கினால் இரண்டும் சேரும், வோல்டேஜ் கீழே விழும், போர்டு ரீசெட் ஆகும். அமுக்காமலே இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கசிவு ஏற்பட்டாலும் போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. பவர் பட்டனில் இதே கசிவு வந்தால் வேறு விதமாகக் காட்டும். நாலு செகண்ட் தொடர்ந்து அமுக்கினதுபோல ஆகி மெஷின் அணைந்து கிடக்கும்.

ரீசெட் வயரை முள்ளிலிருந்து உருவினேன். இதற்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், இரண்டு விரல் போதும். அன்றைக்கு ராத்திரியும் விழவில்லை, அதற்கடுத்த ராத்திரிகளிலும் விழவில்லை.

முகப்பைக் கழற்றிப் பட்டனை வெளியே எடுத்துப் பார்த்தபோது, அதன் இரண்டு கால்களும் செம்பு வண்ணம் போய்ப் பச்சை பூத்திருந்தன. கால்களுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளையாக ஒரு படலம். விரலால் தொட்டால் நறநறவென்று இல்லை, பிசுபிசுவென்று இருந்தது. அமுக்காத பட்டனில் மல்டிமீட்டர் முடிவிலி காட்ட வேண்டும். இது சில ஆயிரம் ஓம்களில் தடுமாறிக்கொண்டிருந்தது. அக்கா மகளின் ஹேர் டிரையரை வாங்கிச் சூடு காட்டினேன். எண் ஏறிக்கொண்டே போய் முடிவிலிக்குப் போனது. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் மறுபடி இறங்கியிருந்தது.

நேரம் ஏன் விடிகாலை என்பதற்கு விடை அந்த வெள்ளைப் படலத்தில் இருந்தது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரம் பிடிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. பகலில் வெயிலில் காய்ந்து கிடக்கிற உப்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தாது. ராத்திரி வெப்பம் இறங்கி ஈரப்பதம் ஏறினால் அதே தூள் கடத்தும்.

அப்படியென்றால் ரெண்டர் போடும்போது ஏன் விழவில்லை? ரெண்டர் போடும்போது மட்டும்தான் மாப்பிள்ளை ஜன்னலைச் சாத்தி ஏசி போடுவான், மெஷின் சூடாகிவிடுமோ என்ற பயத்தில். ஏசி அறையை உலர்த்திவிடும். மற்ற நேரங்களில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஜன்னல் திறந்திருக்கும். நாங்கள் 'லோடில் விழவில்லை' என்று நினைத்தது உண்மையில் 'ஏசியில் விழவில்லை'. தடைக்காலத்தில் அதிகமானதற்கும் காரணம் அதே ஜன்னல். சித்திரை, வைகாசியில் காற்று தெற்கே திரும்பி மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அடிக்கும். வடக்கே இருக்கிற பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இதை ஆண்கடல் என்றும் சொல்வது சும்மா இல்லை. அலை உடைந்து தெறிக்கிற உப்பு நேரே வீட்டுக்குள் வரும். முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினெட் மூன்று ஃபேன் போட்டு அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இந்தக் கரையின் உப்புக்கு ஒரு வரலாறே உண்டு. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடல்காற்றில் நிறுத்தி வைத்து அளக்க இதைவிடக் கொடுமையான இடம் சுலபத்தில் கிடைக்காது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றதற்கும் தூக்குப்பாலத்தின் இரும்பு அரித்துப்போனதுதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தாங்கும் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தேவைப்பட்டன. பத்து ரூபாய் பெறாத ரீசெட் பட்டன் எத்தனை நாள் தாங்கும்?

பட்டன் மட்டும்தானா என்று மற்ற இடங்களையும் பார்த்தோம். முகப்பு யுஎஸ்பி துளைகளில் ஒன்றில் பச்சை ஆரம்பித்திருந்தது. மதர்போர்டின் பின்பக்கத் துளைகள் பரவாயில்லை. மொத்தத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்துத் துடைத்தேன். பவர் ப்ளக்கை உருவிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி போட்டேன். ப்ளோயர் வைத்து ஊதுவது மதுரைத் தூசிக்குச் சரி. எங்கள் தூசி ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினால் போகாது. ராமின் பல்லை ஸ்கூல் ரப்பரால் தேய்க்கிற பழக்கத்தையும் இங்கே விடச் சொல்வேன். மேலே இருக்கிற தங்கப்பூச்சு மிக மெல்லியது, தேய்ந்துவிட்டால் அடியில் இருக்கிற உலோகத்தை உப்பு ஒரே பருவத்தில் தின்றுவிடும். ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

மேசையை ஜன்னலுக்கு அடியிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றினோம். முகப்பு வலைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றை வெட்டி வைத்தோம். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசின கதைதான். சூடு மூன்று நாலு டிகிரி கூடியிருக்கிறது, பாதகமில்லை.

ரீசெட் வயரை மறுபடி மாட்டவே இல்லை. அந்தப் பட்டனை யாரும் வாழ்நாளில் அமுக்கினதில்லை. பவர் பட்டனும் அதே கம்பெனி, அதே மாதிரிக் கால், அதிலும் லேசாகப் பச்சை. அதனால் அந்த வயரையும் கழற்றிவிட்டு, கீபோர்டைத் தட்டினால் மெஷின் எழுகிற மாதிரி பயாஸில் மாற்றி வைத்தேன். அக்காவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவள் ராத்திரி சீரியல் பார்க்க அந்த மெஷினைத்தான் போடுவாள்.

"இருந்த பட்டன் ரெண்டையும் புடுங்கிப் போட்டுட்டு ரிப்பேர் பாத்தேங்குறான். ஏன்டா தம்பி, இதுக்கு உனக்கு டீ வேற போட்டுக் குடுத்தேன்!"